ப்ரீடென்ஷனர் கோட் வந்தால்: துடைப்பதா, வெட்டி ஒட்டுவதா, பெல்ட்டையே மாற்றுவதா?

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரியத்தான் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் 6 நொடி வாக்கில் அணைந்துவிடும். அணையாமல் நின்று, ஸ்கேனரில் (கோளாறுக் கோட் படிக்கும் கருவி) சீட் பெல்ட் ப்ரீடென்ஷனர் (மோதலில் பெல்ட்டை இறுக்கும் சாதனம்) சர்க்யூட் என்று கோட் வந்தால், ஷெட்டில் நாலு வழி சொல்வார்கள். கனெக்டரைத் துடைத்து மாட்டுவது. கனெக்டரை வெட்டிவிட்டு வயரை நேராக இணைப்பது. பெல்ட் அசெம்ப்ளியையே மாற்றுவது. கடைசியாக, ஒரு ரெசிஸ்டரைச் சொருகி விளக்கை அணைப்பது. கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் இதில் எதைச் செய்தாலும் காசுக்குக் கேடு.

ப்ரீடென்ஷனருக்குள் கொஞ்சம் வெடிமருந்து இருக்கிறது. அதைப் பற்றவைக்கும் ஸ்குவிப்பின் மின்தடை ஏறத்தாழ 2 ஓம். ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் மிகச் சிறிய மின்னோட்டம் விட்டு அந்த 2 ஓமைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். கனெக்டர் பின் கறுத்து ஓரிரு ஓம் கூடினாலே போதும், கோட் விழுந்துவிடும். மல்டிமீட்டரை 'பீப்'பில் வைத்து "வயர் நல்லாத்தான் இருக்கு" என்பவர் ஏமாறுவது இங்கேதான். 5 ஓம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். கன்ட்ரோல் யூனிட் ஒத்துக்கொள்ளாது.

கோட் எண்ணை முழுதாகப் படியுங்கள். பல டொயோட்டா வண்டிகளில் ஓட்டுநர் பக்கத்துக்கு B1900 என்றால் ஷார்ட் (இரு வயரும் தொட்டுக்கொள்வது), B1901 ஓப்பன் (தொடர்பு அறுந்தது), B1902 எர்த் ஷார்ட் (வயர் பாடியைத் தொடுவது), B1903 பேட்டரியோடு ஷார்ட். முன் பயணி பக்கம் B1905 முதல். ஓப்பன் என்றால் முதல் சந்தேகம் கனெக்டர் மேல். எர்த் ஷார்ட் என்றால் சீட் ரெயிலில் நசுங்கிய வயரைத் தேடுங்கள். மலிவான ப்ளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் கோட்களோடு நின்றுவிடும். ஏர்பேக் பகுதியைப் படிக்கிற கருவி வேண்டும்.

ப்ரீடென்ஷனர் இருக்கும் இடமும் முக்கியம். பெல்ட் சுருளும் ரிட்ராக்டரில் இருந்தால் வயர் கதவுத் தூணுக்குள் அசையாமல் கிடக்கும். பக்கிள் பக்கம் இருந்தால் வயர் சீட்டுக்கு அடியில் போகும். சீட்டை நகர்த்தும்போதெல்லாம் அங்குள்ள மஞ்சள் கனெக்டரும் இழுபடும். பின்கள் நுண்ணிய அளவில் உரசி உரசிக் கறுக்கும். தண்ணீர் பாட்டில், குடை என்று சீட்டடியில் உருளுகிற சாமான்களும் அதைத்தான் இடிக்கும்.

இனி சோதனை. சாவியை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். கன்ட்ரோல் யூனிட்டின் கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய டொயோட்டா கையேடு 90 நொடி கேட்கிறது, ஹோண்டா 3 நிமிடம். 10 நிமிடம் விட்டால் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். பிறகு மஞ்சள் கனெக்டரைப் பிரித்து, வண்டிப் பக்கத்து முனையில் 2.2 ஓம் ரெசிஸ்டரைச் சொருகுங்கள் (சிவப்பு, சிவப்பு, தங்கம், தங்கம், சென்னை ரிச்சி தெருவில் ஓரிரு ரூபாய்). பின்னை விரித்துவிடாத அளவு மெல்லிய கால் வேண்டும். பேட்டரியை மாட்டி, ஸ்கேனரில் கோட்டை அழித்துப் பாருங்கள். திரும்ப வரவில்லையா? வயரிங் நல்லது, கோளாறு கனெக்டர் முகத்திலோ ப்ரீடென்ஷனரிலோ. திரும்ப வந்தால் வயரிங்கிலோ யூனிட்டிலோ. வயரை ஆட்டிப் பார்ப்பதையும் ரெசிஸ்டர் இருக்கும்போதே செய்துவிடுங்கள். ஸ்குவிப் மேல் மட்டும் மீட்டரை வைக்கவே கூடாது. 1.2 ஆம்பியர் 2 மில்லி நொடி பாய்ந்தாலே அது வெடிக்க வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு.

இன்னொரு பொறி உண்டு. ஏர்பேக் கனெக்டருக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு இருக்கும். பிரித்தவுடன் இரண்டு பின்னையும் அதுவே ஷார்ட் செய்துவிடும், தவறுதலாக வெடிக்காமல் இருக்க. இது தெரியாமல் யூனிட் பக்கம் கழற்றி வயரை அளந்தால் 0 ஓம் காட்டும். நல்ல வயரை "ஷார்ட்" என்று தூக்கி எறிவார்கள். மாட்டும்போது தகட்டைத் தூக்கிவிடும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் மட்டும் அது நிஜ ஷார்ட்.

கோளாறு கனெக்டரில் என்றால், முதலில் துடைப்பதே என் தேர்வு. எண்ணெய்ப் படலம் விடாத எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நாலைந்து முறை சொருகிக் கழற்றி, காய்ந்ததும் பூட்டு 'கிளிக்' என்று விழும்வரை தள்ளுங்கள். உப்புத்தாள் கூடாது, பின்னில் தங்க முலாம் இருந்தால் அதுவும் போய்விடும். வயர் இழுபடாதபடி பிளாஸ்டிக் டை போட்டு நிறுத்தாவிட்டால் சில மாதத்தில் அதே விளக்கு. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இது தாங்காது. பச்சை பூத்த பின்னுக்குப் புது கனெக்டர்தான்; பல வண்டிகளில் ஏர்பேக் யூனிட்டே நடுக் கன்சோலுக்கு அடியில் தரையோடு இருப்பதால் அதையும் பாருங்கள்.

வெட்டி நேராக இணைப்பது அதிக நாள் நிற்கும் என்பது உண்மை. விலையும் உண்டு: வெட்டிய கணமே ஷார்ட்டிங் தகட்டின் காவல் போய்விடும், அப்புறம் சீட்டைக் கழற்ற வேண்டுமானால் மறுபடி வெட்ட வேண்டும். ஏர்பேக் வயரில் கை வைக்காதே, ஹார்னஸை (முழு வயர்க்கட்டு) மாற்று என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு, கையேட்டைப் பாருங்கள். செய்வதானால் கிரிம்ப் (வயர்களை நசுக்கிப் பிணைக்கும் குழாய்) போட்டு ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) சுற்றுங்கள், இரண்டு இணைப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வையுங்கள், முறுக்கிய வயர்களைத் திரும்ப முறுக்குங்கள். சால்டர் வேண்டாம்: ஈயம் ஏறிய வயர் விறைத்து, வளையும் இடத்தில் ஒடியும்.

பெல்ட்டையே மாற்றுவது இரண்டு நிலையில்தான்: வண்டிப் பக்கம் சுத்தம் என்று ரெசிஸ்டர் சொல்லி, துடைத்த பிறகும் கோட் வந்தால், அல்லது விபத்தில் அது ஏற்கெனவே வெடித்திருந்தால் (பக்கிள் கீழே அமுங்கியிருக்கும், அல்லது பெல்ட் இறுகி வெளியே வராது). சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய பெல்ட் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் அது வெடித்ததா, நனைந்ததா என்று கடைக்காரருக்கே தெரியாது. இதில் மட்டும் புதுசு வாங்குங்கள்.

செலவுக்கு முன் வண்டியின் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, ரீகால் உண்டா என்று பாருங்கள். 2023 ஜனவரியில் மாருதி சுஸுகி ஏர்பேக் கன்ட்ரோலரைச் சோதித்து, தேவைப்பட்டால் இலவசமாக மாற்ற 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மோதலில் ஏர்பேக்கும் ப்ரீடென்ஷனரும் இயங்காமல் போகலாம் என்பதே காரணம்.

நாலாவது வழிக்கு வருவோம். சோதனைக்கு வாங்கிய அதே 2.2 ஓம் ரெசிஸ்டரை அப்படியே விட்டு டேப் சுற்றினால் விளக்கு 6 நொடியில் அணைந்துவிடும். யூனிட் எல்லாம் சரி என்று நம்பும். மோதலில் அது அனுப்பும் மின்சாரம் ரெசிஸ்டரைச் சுடும், பெல்ட் ஒரு அங்குலமும் இறுகாது. பழைய வண்டி வாங்கும்போது சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, மஞ்சள் கனெக்டர் பக்கம் கறுப்பு டேப் உருண்டை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.