காசு கொடுத்து இலையான் வாங்கினோம்: மாடு வளர்ப்பவர்கள் கவனியுங்கள்

யாழ்ப்பாணம் நீர்வேலியில் எட்டு மாடுகள் வைத்திருக்கிறோம். மாரி தொடங்கிவிட்டால் கொட்டிலில் இலையான் (ஈ) தொல்லை சொல்லி மாளாது. கறக்கும்போது மாடு வாலை வீசி வாளியைத் தட்டிவிடும். கன்றுகளின் கண்ணோரம் கறுப்பாக மொய்த்திருக்கும். பாலில் கலந்துவிடுமோ என்ற பயத்தில் மருந்தடிக்கவும் மனம் வராது.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தத் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இலையானை அழிக்கும் குளவி விற்கிறாராம். அவர் சொன்னதில் பாதி உண்மை. எங்களை விழுத்தியதும் அந்தப் பாதிதான். இலையானின் கூட்டுப்புழுவைத் துளைத்து, கூட்டுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகள் இருக்கின்றன. இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் இருக்கும். மனிதரையோ மாட்டையோ கொட்டாது. குளவியின் புழு உள்ளே இருப்பதைத் தின்று வளரும். வெளிநாட்டுப் பண்ணைகளில் இவற்றை வாங்கி விடுகிறார்கள். ஸ்பலாஞ்சியா, மஸ்கிடிஃபுராக்ஸ் என்று பெயர்களையும் தடங்கலில்லாமல் சொன்னார். என் கணவர் மயங்கிவிட்டார். நானும்தான்.

பொதி ஒன்று 1,800 ரூபாய். ஆறு பொதிக்கு 10,800 ரூபாயையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, "என்ன அக்கா, என்னில் நம்பிக்கை இல்லையா?" என்றார். வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

உள்ளே குளவி வளர்வதாக அவர் சொன்ன இலையான் கூடுகள், மரத்தூளோடு கலந்து, மொட்டைக்கருப்பன் அரிசி போல கருஞ்சிவப்பாக வந்தன. ஐந்து பொதியை எருக்குவியலைச் சுற்றித் தூவினோம். ஆறாவதிலிருந்து அறுபது கூடுகளை எண்ணி, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள் ஒரு ஜாம் போத்தலில் போட்டு, வாயில் வேட்டித் துணி கட்டிவைத்தாள்.

மூன்றாம் நாள் காலை போத்தலுக்குள் ரீங்காரம். எல்லாம் இலையான். ஐந்தாம் நாள் எண்ணினோம்: 43. வெற்றுக் கூடுகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால், ஒவ்வொன்றின் நுனியும் மூடி கழன்றதுபோல் திறந்திருந்தது. இலையான் அப்படித்தான் தலையால் முட்டி நுனியை உடைத்து வரும். குளவி வந்திருந்தால் குண்டூசி குத்தியது போல ஒரு சிறு துளை இருக்கும். ஒன்றில்கூட இல்லை. மிச்சம் பதினேழையும் ஒரு மாதம் வைத்திருந்தோம். காய்ந்து சுருங்கியதுதான் மிச்சம்.

தொலைபேசியில் கேட்டேன். "சில இலையான் வருவது வழமை அக்கா" என்றார். குளவியிடம் தப்பிய கூடுகளிலிருந்து இலையான் வருவது இயல்புதான், மறுக்கவில்லை. ஆனால் அறுபதில் நாற்பத்துமூன்றா? குளவி எங்கே? அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் முழுதும் வெளித்தது: "அப்படியென்றால் இரண்டு கிழமை மருந்து அடியுங்கள், அதையும் நானே கொண்டுவந்து தருகிறேன்." குளவி விற்கிறவர், குளவியையும் சேர்த்துக் கொல்லும் மருந்தை விற்க வருகிறார்! அதன் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

அவர் எங்கள் எருக்குவியலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. எங்கள் வெக்கைக்கு இலையான் முட்டை பத்து நாளுக்குள் பறக்கத் தொடங்கிவிடும். குளவிக்கு ஏறக்குறைய மூன்று கிழமை வேண்டும். ஆகவே ஒரு தடவை தூவி விட்டால் போதாது, கிழமைக்குக் கிழமை விடவேண்டும். சாணம் ஈரமாகக் குவிந்து கிடந்தால் அதுவும் வீண். இப்போது மூன்று நாளுக்கு ஒருமுறை சாணத்தை அள்ளி, வெயில் கண்ட நாளில் மெல்லியதாகப் பரவிக் காயவைத்து, வாழைத் தோட்டக்காரருக்குக் கொடுக்கிறோம். முதுகு முறிகிற வேலை. இலையான் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

போன கிழமை அச்சுவேலியிலிருந்து ஒருவர் எரு விலை கேட்க வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுப்பிரசுரத்தை எடுத்துக் காட்டினார். அதே குளவிப் படம், இலக்கம் மட்டும் வேறு. முற்பணம் இன்னும் கொடுக்கவில்லையாம். ஜாம் போத்தலை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.