மாம்பழம் மேசையிலா, ஃப்ரிட்ஜிலா?

ஏப்ரல், மே வந்தால் சிங்கப்பூர் தேக்கா கடைகளில் பங்கனப்பள்ளிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பெட்டியோடு வாங்கி வந்ததும் வீட்டில் பேச்சு ஆரம்பமாகும்: வெளியில் வைப்பதா, ஃப்ரிட்ஜிலா?

பழுக்காததை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது என்பேன். ஒருமுறை ஆறு காய்களைப் பத்து நாள் உள்ளே வைத்துவிட்டேன். எடுத்தபோது தோலில் சாம்பல் படர்ந்து, அங்கங்கே குழி விழுந்திருந்தது. மேசையில் வைத்தும் பழுக்கவில்லை. அறுத்தால் சதை வெளிறி, புளித்து, வாசனையே இல்லை. ஊரிலிருந்து வந்த பழம், மனசு கேட்கவில்லை.

பழுப்பது நொதிகளின் வேலை. இந்த நொதிகள் எல்லாமே புரதங்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க ஒன்று, செல்களை ஒட்டவைக்கும் பசையான பெக்டினைக் கரைத்துச் சதையை இளக்க ஒன்று, பழுக்கத் தூண்டும் எத்திலீனை உண்டாக்க இன்னொன்று. குளிரில் இவை மந்தமாகும். அது மட்டும் என்றால் வெளியே எடுத்ததும் சரியாகிவிடும். ஆனால் செல்லைச் சுற்றிய சவ்வின் கொழுப்பு, குளிரில் நெய் உறைவதுபோல இறுகுகிறது. அதில் பதிந்த புரதங்கள் முடங்க, சவ்வு கசியத் தொடங்குகிறது. வாழைப்பழத் தோல் ஃப்ரிட்ஜில் கறுப்பதும் இதனால்தான்.

வீட்டு ஃப்ரிட்ஜ் சுமார் 4 டிகிரி. மாங்காய்க்கு ஏற்றது 13 டிகிரி. மொத்த வியாபாரிகளின் குளிர் அறை அந்த அளவில் இருந்தால் இரண்டு, மூன்று வாரம் தாங்கும். காய்க்கு அதுதான் முதல் இடம், நம் வீட்டில் அதற்கு வழியில்லை. குளிரூட்டும் முன் சிறிது நேரம் சூடு காட்டினால் காப்புப் புரதங்கள் உருவாகி, மற்றப் புரதங்கள் உருக்குலையாமல் பிடித்துக்கொள்ளும். பண்ணையிலும் பதனக் கூடத்திலும் செய்கிற வேலை அது.

பீச் பழத்தின் கதை வேறு. அதற்கு 0 டிகிரியைவிட 5 டிகிரிதான் கெடுதல்! அந்த 5 டிகிரியில் பெக்டினை மாற்றும் ஒரு நொதி ஓடுகிறது, அதை வெட்டும் நொதி பின்தங்குகிறது. பாதி மாறிய பெக்டின் சாற்றைக் கூழாகப் பிடித்துக்கொள்ள, கடித்தால் பஞ்சு போல இருக்கும்.

திராட்சை, ஆப்பிளுக்குக் கவலையே வேண்டாம், நேராக ஃப்ரிட்ஜுக்குப் போகலாம்.

மாங்காய்க்கு என் ஓட்டு மேசைக்குத்தான். வெயில் படாத மூலையில், ஒன்றின்மேல் ஒன்று அழுத்தாமல் பரப்பி வையுங்கள். காம்படியில் மணம் வந்து, விரலுக்கு லேசாக அமுங்கினால் பழுத்துவிட்டது. அப்புறம் ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் வைக்கலாம். சாப்பிட அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட்டால் மணம் திரும்பி வரும்.