பேசிவ் 3டி டிவி: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சாம்சங் 2016-லும் எல்ஜி, சோனி 2017-லும் 3டி டிவியைக் கைவிட்டுவிட்டன. அதற்கும் முன்பு வாங்கிய எங்கள் பேசிவ் செட் (சார்ஜ் போடத் தேவையில்லாத சாதாரணக் கண்ணாடியோடு பார்க்கும் வகை) இன்றும் ஓடுகிறது, நல்ல 3டி படம் கிடைத்தால் குடும்பமே கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்காருகிறோம். பழைய செட் விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பேசிவ் என்றால் தாராளமாக வாங்குங்கள், ஆக்டிவ் (கண்ணாடியே திறந்து மூடும் வகை) என்றால் அதற்குரிய கண்ணாடியைப் போட்டு ஒரு காட்சியாவது பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். நம் கண்களுக்கு நடுவே 6 செ.மீ. சொச்சம் இடைவெளி இருப்பதால் இரண்டும் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்கின்றன, அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை ஆழத்தை உணர்கிறது. ஆகவே டிவி இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு இன்னொரு படம் என்று ஒன்றோடொன்று கலக்காமல் கொண்டு சேர்க்க வேண்டும். ஆக்டிவ் டிவி இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டும், கண்ணாடியில் உள்ள எல்சிடி ஷட்டர் அதே வேகத்தில், கண்ணுக்கு நொடிக்கு 60 முறை என்று திறந்து மூடும். திரையின் முழு 1080 வரியும் ஒவ்வொரு கண்ணுக்கும் கிடைக்கும், அது பெரிய பலம். ஆனால் கண்ணாடி கனம், சார்ஜ் வேறு போட வேண்டும். சித்தப்பா வீட்டில் ஆக்டிவ் செட்தான். அங்கே சோக் வைத்த டியூப்லைட் எரியும்போது கண்ணாடியைப் போட்டால் சுவரே துடிக்கும், ஏனென்றால் டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்குகிறது, ஷட்டரின் 60 அதோடு ஒத்துப்போகாது. லைட்டை அணைத்தால் சரியாகிவிடும்.

பேசிவில் எல்லா வேலையும் திரைமேல் ஒட்டிய மெல்லிய படலத்தில் நடக்கிறது. ஒற்றைப்படை வரிகளின் ஒளியை அது ஒரு பக்கமாகவும் இரட்டைப்படை வரிகளின் ஒளியை எதிர்ப்பக்கமாகவும் சுழல வைக்கும், ஒவ்வொரு லென்ஸும் தனக்குரிய சுழற்சியை மட்டும் உள்ளே விடும். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று வலது கண்ணை மூடிப் பாருங்கள். திறந்திருக்கும் இடது கண்ணின் லென்ஸ் கன்னங்கரேலென்று இருக்கும், மூடிய கண்தான் தெளிவாகத் தெரியும். பிரதிபலிக்கும்போது ஒளியின் சுழற்சி தலைகீழாகிவிடுவதால் அந்த லென்ஸே அதைத் தடுத்துவிடுகிறது!

வரிகளைப் பங்கு போடுவதால் 1080 செட்டில் ஒரு கண்ணுக்கு 540 வரிதான். கிட்டே உட்கார்ந்தால் வெள்ளை எழுத்துகளின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். 4கே பேசிவ் செட்டில் வரிகள் இரு மடங்கு இருப்பதால் இந்தக் குறை இல்லை, 2016-இல் வந்த எல்ஜியின் சி6, ஈ6 ஓலெட் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் உயரம். இதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். பிக்சலுக்கும் படலத்துக்கும் நடுவே திரைக் கண்ணாடியின் தடிமன் இருப்பதால், கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு வரியின் ஒளி பக்கத்து வரியின் படலம் வழியாக வெளியே வந்து தப்பான கண்ணுக்குப் போய்விடும், முகங்கள் எல்லாம் இரட்டையாகத் தெரியும். டிவியைச் சுவரில் உயரமாக மாட்டிவிட்டுப் பாயில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் 3டி தோற்றுப்போவது இதனால்தான். திரையின் நடுப்பகுதி கண் மட்டத்துக்கு வர வேண்டும். ஒருக்களித்துப் படுத்துப் பார்ப்பதும் நடக்காது, இரண்டு படமும் பக்கவாட்டில்தான் விலகியிருக்கின்றன, உங்கள் கண்களோ மேலும் கீழுமாக இருக்கும்.

தலைவலி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பொருள்கள் முகத்துக்கு நேரே பாய்ந்து வரும் காட்சிகள் நீண்டால் எனக்கும் கண் வலிக்கும், கண்கள் கிட்டத்தில் குவிய முயல, ஃபோகஸ் மட்டும் திரையிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. திரைக்குப் பின்னால் ஆழம் விரியும் படங்களை முழு நீளமும் நிம்மதியாகப் பார்க்கலாம், எனக்கு 3டியின் உண்மையான அழகே அதுதான்.

3டி புளூரே டிஸ்க் கிடைத்தால் அதையே போடுங்கள், அதில் இரு கண்ணுக்கும் முழு 1920 x 1080 படம் பதிவாகியிருக்கும். இரு கண்ணின் படங்களையும் ஒரே படத்துக்குள் அருகருகே நெருக்கி வைத்த ஃபைல்களில் அகலம் பாதியாகி 960 ஆகிவிடும், அதில் பேசிவ் செட் வரிகளையும் பாதியாக்கினால் மிச்சம் என்ன இருக்கும்? பிளேயர் வாங்கும்போது 3டி டிஸ்க் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள், 4கே பிளேயர்களிலும் சில ஓட்டும்.