மூன்று ஞாயிறு வகுப்புகளும் ஒரு கையேடும்

தருமபுரி நான்கு ரோட்டுக்கு அருகில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்று நடத்திய மேற்காசிய வரலாற்றுச் சிறப்பு வகுப்பில், குரூப் 1 தேர்வுக்குப் படிக்கும் என் தங்கை மகனோடு நானும் 300 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். வகுப்புக்கு அந்தப் பணம் தகும். தனியே 120 ரூபாய்க்கு விற்ற கையேட்டுக்குத் தகாது.

அரபு–இஸ்ரேல் பகையை ஆதிகாலத்து மதச் சண்டை என்று சொல்லும் வழக்கத்தை ஆசிரியர் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டு, ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட துன்பத்தையும் யூதர்களுக்குத் தாயகம் கோரிய சியோனிய இயக்கம் 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கூட்டிய முதல் மாநாட்டையும் விளக்கினார். முதல் உலகப் போரின்போது, மெக்காவை ஆண்ட ஷெரீப் உசேனுக்கு அரபு விடுதலையை ஆதரிப்பதாகக் கடிதம் எழுதிய பிரிட்டன், 1917 நவம்பர் 2 அன்று பால்ஃபர் பிரகடனத்தின் வழியே பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவு தந்ததை, பட்டா தன் பெயரில் இல்லாத நிலத்துக்கு இரண்டு பேரிடம் அக்ரிமென்ட் போட்ட கதை என்றார். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்த எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு பால்ஃபர் பிரகடனத்தின் 67 ஆங்கிலச் சொற்களையும் கரும்பலகையில் எழுதி, "அரபு" என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னார். எங்குமே இல்லை. மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்காக இருந்தவர்கள் "யூதரல்லாத சமூகங்கள்" என்றே குறிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய குடியுரிமை, சமய உரிமைகளைப் பேசும் வாசகம், அரசியல் உரிமையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூன்று வாரங்களிலும் சிறந்த அரைமணி நேரம் அதுதான்.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை, பாலஸ்தீனத்தை யூத நாடாகவும் அரபு நாடாகவும் பிரிக்கும் திட்டத்தை 33க்கு 13 என்ற வாக்குகளில் ஏற்றபோது இந்தியா எதிர்த்து வாக்களித்தது. கையேடோ ஆதரித்ததாக அச்சிட்டிருக்கிறது. இஸ்ரேலை 1950இல் அங்கீகரித்ததையும் 1992இல் முழுத் தூதரக உறவு தொடங்கியதையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறது. தளியில் இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் நடக்கும் கொய்மலர் மையத்தைப் பார்த்திருந்த மாணவர் ஒருவர், உறவு இவ்வளவு பிந்தியதா என்று வியந்ததால்தான் அந்தப் பிழை வெளிப்பட்டது.

1948 போரும் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் அகதிகளானதும் நிதானமாகச் சொல்லப்பட்டன. 1967 போர் முதல், இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்துகொண்ட 1993 ஓஸ்லோ உடன்பாடு வரை நாற்பது நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். கையேட்டின் ஜெராக்ஸ் வரைபடத்தில் மேற்குக் கரையும் காசாவும் ஒரே கருப்புத் திட்டாக இருக்கின்றன.

பிழைகளைச் சொன்னபோது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். மறுபடி நடத்தினால் வகுப்பில் மட்டும் சேருங்கள்; கையில் ஒரு பள்ளி அட்லஸ் இருக்கட்டும்.