டேப்பா, ஊர் வரைபடமா?

கோத்தகிரிக்குக் கீழே இருளர், குறும்பர் ஊர்களில் காட்டை நம்பிய பிழைப்பைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. எங்கள் முன் இரண்டு வழிகள். வெளியூர்க் கணக்கெடுப்பாளர்கள் டேப்போடு, அதாவது டேப்லெட் கணினியோடு, வீடு வீடாகப் போவது ஒன்று. ஊர் இளைஞர்களையே பழக்கி, ஊர் கூடி வரைபடம் போட்டு, அவர்களே கேட்டு எழுதுவது இன்னொன்று. நாங்கள் எடுத்தது இரண்டாவதை. எனவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

டேப் சர்வே வேகமானது. மாவட்டம் முழுமைக்கும் விழுக்காடு வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்றால் அதுதான் வழி. இளைஞர்களைப் பழக்கவே வாரக்கணக்கில் ஆகும். கொழுந்து பறிக்கும் கூலிக்குக் குறைவாகக் கொடுத்தால் யாரும் நிற்க மாட்டார்கள், நிற்க வேண்டியதும் இல்லை.

பதில்களின் தரத்தில் வித்தியாசம் உடனே தெரிகிறது. தேன், கடுக்காய், நெல்லி, இடையிடையே எஸ்டேட் கூலி என்று பிழைப்பவரிடம் 'மாத வருமானம் எவ்வளவு' என்று கேட்டால் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்லி அனுப்பிவிடுவார். 'காட்டுக்குப் போவீங்களா?' என்றால், 'இல்லீங்க, இப்பெல்லாம் போறதில்லீங்க' என்பார். வந்திருப்பது வனத்துறை ஆளோ என்ற சந்தேகம். பக்கத்து வீட்டுப் பையன் அப்படிக் கேட்கவே மாட்டான், போன பருவத்தில் அவரோடு தேன் எடுக்கப் போனவனே அவன்தானே!

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: ஆய்வு முடிந்தபின் தகவல் யார் கையில் இருக்கும்? டேப்பில் ஏறியது எங்கோ ஒரு சர்வருக்குப் போகிறது, ஆங்கிலத்தில் அறிக்கையாகிறது, ஊருக்கு ஒரு பக்கம்கூடத் திரும்பி வருவதில்லை. வரைபடம் ஊரிலேயே இருக்கிறது, அதற்கு வேலையும் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமைக் கோரிக்கையைத் தொடங்கிவைப்பது கிராம சபை. சமூக வன வளத்துக்கான, அதாவது ஊர் வழிவழியாகப் பயன்படுத்திக் காத்துவரும் காட்டுக்கான, 'சி' படிவத்தோடு வரைபடம் இணைக்க வேண்டும். பெரியவர்கள் சொன்னதை எழுத்தில் பதிந்தது, இடுகாடு, வழிபாட்டு இடம் போன்ற அடையாளங்கள் இவையெல்லாம் விதிகள் ஏற்கும் சான்றுகள், ஒன்றுக்கு மேல் காட்ட வேண்டும். ஊர் இளைஞர்கள் மூப்பரிடம் கேட்டு எழுதியதை அப்படியே அங்கே வைக்கலாம். சர்வேயின் சராசரியை வைத்து அங்கே என்ன செய்வது?

கைவசம் வைத்திருப்பதிலும் பாடு உண்டு. நம் மழைக்குச் சார்ட் பேப்பர் பூஞ்சணம் பிடித்துவிடும், துணியில் வரைவது நல்லது. தேன் பாறைகளின் இடம் வெளியே போனால் வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள். அதனால் அசல் ஊருக்கு. ஊர்க்கூட்டம் சரி என்று சொன்ன பகுதிகளுக்கு மட்டும் எங்களுக்கு நகல்.

குடி, கடன், வீட்டுக்குள் அடிதடி பற்றி என்றால் நான் டேப் பக்கம் போய்விடுவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் எந்தப் பெண் அதைச் சொல்வாள்? திரும்பப் பார்க்கப் போகாத வெளியூர்ப் பெண்ணிடம் சொல்லக்கூடும். எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. வீடே கம்பெனியுடையது, மேஸ்திரி கண் முன்னால் கூட்டம் என்றால் வாய் திறப்பார்களா என்பது சந்தேகம்தான். தலைக்கணக்குக்கு மட்டும் எங்கள் இளைஞர்கள் கையிலும் டேப் கொடுத்தோம், அதில் ஒரு குறையும் இல்லை.