ஆர்ஸ்பாம்டி: ஏன் ஸ்பாம் என்று காரணம் சொல்லும் வடிகட்டி

மெயில் சர்வர் பார்த்துக்கொள்பவருக்கு ஸ்பாம் வருவதைவிடப் பெரிய தலைவலி, நல்ல மெயில் ஸ்பாம் பெட்டிக்குப் போவதுதான். "அனுப்பிட்டேனே, வரலையா?" என்று கேட்டால் லாக் ஃபைலுக்குள் தலையை விட வேண்டும். ஆர்ஸ்பாம்டி எனக்குப் பிடித்துப்போனதே அதன் ஹிஸ்டரி பக்கத்தால்தான். எந்த விதி எத்தனை மதிப்பெண் போட்டது என்று மெயில்வாரியாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

சமீபத்தில் ஒரு இன்வாய்ஸ் இப்படி மாட்டியது. பார்த்தால் எஸ்பிஎஃப் (அனுப்பும் ஐபிக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்ற சோதனை) தோல்வி, ஆனால் டிகேஐஎம் கையொப்பம் (அனுப்பும் டொமைன் மெயிலில் போடும் டிஜிட்டல் முத்திரை) சரி. ஃபார்வர்டு ஆகி வந்த மெயில் அது. நடுவில் இருக்கும் சர்வரின் ஐபி, அனுப்பியவரின் எஸ்பிஎஃப் பதிவில் எப்படி இருக்கும்? அந்த ஐபியை மட்டும் எஸ்பிஎஃப் சோதனையிலிருந்து விலக்கினேன், தீர்ந்தது.

இயல்பு அமைப்பில் 4 மதிப்பெண்ணுக்கு கிரேலிஸ்ட் (இப்போதைக்கு ஏற்காமல், பிறகு மறுபடி அனுப்பச் சொல்வது), 6-க்கு ஸ்பாம் முத்திரை, 15-க்கு நிராகரிப்பு. 15-ஐக் குறைக்கக் கை பரபரக்கும். வேண்டாம், நிராகரித்த மெயிலைத் தோண்டி எடுக்க முடியாது.

பழைய மெயில்களைப் பார்த்து ஸ்பாமை அடையாளம் காணக் கற்கும் பேயஸ் பகுதிக்குப் பொறுமை வேண்டும். ஸ்பாமில் 200, நல்லதில் 200 கற்றுக்கொடுக்கும்வரை அது வாயே திறக்காது. அப்புறம் டிஎன்எஸ். ஸ்பாம் அனுப்புபவர்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸை டிஎன்எஸ் வழியாகத்தான் கேட்கிறோம்; எல்லோரும் பயன்படுத்தும் பொது டிஎன்எஸ் ரிசால்வர் வழியாகக் கேட்டால் அது உண்மையான பதிலைத் தராமல் 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத்தான் தரும். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற சொந்த ரிசால்வரைப் போட்டுக்கொள்வது நல்லது.

கட்டமைப்பு ஃபைல்கள் சிதறிக் கிடப்பதுதான் புதியவர்களைக் குழப்பும். லோக்கல்.டி ஃபோல்டரில் எழுதினால் இயல்பு அமைப்போடு சேரும், ஓவர்ரைடு.டி-யில் எழுதினால் அதை மீறிவிடும். பெரும்பாலும் முதலாவதே போதும்.