ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடர்: 2-2-1-1-1 மேலா, 2-3-2 மேலா?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் இறுதித் தொடர் இது: ஏழு ஆட்டம், நான்கு வென்றால் கோப்பை. எந்த ஆட்டம் யார் ஊரில் என்பதில்தான் வம்பு. என்எச்எல்லில் இப்போது இருப்பது 2-2-1-1-1: லீக் கட்டத்தில் முந்திய அணியின் அரங்கில் 1, 2, 5, 7, எதிரணி அரங்கில் 3, 4, 6. தூரத்து ஊர்க்காரர்கள் மோதினால் 2-3-2 (முந்திய அணி ஊரில் இரண்டு, எதிரணி ஊரில் மூன்று, மறுபடி முந்திய அணி ஊரில் இரண்டு) பேச்சு கிளம்பிவிடும். என் ஓட்டு இப்போதுள்ள முறைக்கே.

2-3-2இன் லாபம் பயணம் மட்டும்தான். 2024இல் ஃபுளோரிடா பாந்தர்ஸும் கனடாவின் எட்மண்டன் ஆயிலர்ஸும் ஏழு ஆட்டமும் ஆடினார்கள். சுமார் 4,000 கி.மீ. தூரத்தை நான்கு தடவை கடந்தார்கள். 2-3-2 என்றால் இரண்டே தடவை. ஆனால் களைப்புக்கு மருந்து அட்டவணையிலேயே உண்டு. அந்த ஆண்டு ஊர் மாறிய ஒவ்வொரு முறையும் நடுவில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. 2025இல் அதே அணிகள்: பாந்தர்ஸின் ஊரான சன்ரைஸிலேயே நடந்த 3, 4ஆம் ஆட்டங்களுக்கு நடுவில் இரண்டு நாள், கண்டத்தைக் கடந்து ஆட வேண்டிய 4, 5க்கு நடுவில் ஒரே நாள்! குற்றம் அட்டவணையில், முறையில் இல்லை.

தீர்ப்பைச் சொல்வது கடைசி மாற்றம். ஆட்டம் நின்றதும் வெளியூர் அணி 5 விநாடிக்குள் ஆட்களை இறக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு உள்ளூர்ப் பயிற்சியாளருக்கு 8 விநாடி. ஆயிலர்ஸின் நட்சத்திரம் மெக்டேவிட் இறங்கினால், பாந்தர்ஸில் தடுப்பாட்டத்துக்குப் பேர்போன பார்கோவின் லைனை (சேர்ந்து இறங்கும் முன்கள மூவரை) எதிரே நிறுத்தலாம். இதிலிருந்து தப்பிக்க வெளியூர் அணிக்கு வழி, ஆட்டம் ஓடும்போதே ஆள் மாற்றுவது. பக் (ஆடும் வட்டு) எதிரணிப் பக்கம் போகாமல் அதைச் செய்தால் நம் பாதி காலி; இரண்டாம் பீரியடில் அணிகள் பக்கம் மாறி பெஞ்ச் தூரமாகிவிடுவதால் இன்னும் ஆபத்து. ஐசிங் (தன் பாதியிலிருந்து பக்கை எதிர்முனைக் கோல் கோட்டைத் தாண்டி அடித்துவிடுவது) செய்த அணிக்கு ஆள் மாற்றவே உரிமையில்லை, உள்ளூர் அணி அதைச் செய்தால் சாதகம் கைமாறும்.

2-3-2இல் இந்தச் சாதகம் ஒரே அணிக்குத் தொடர்ந்து மூன்று ஆட்டம் போகிறது. அதுவும் லீக்கில் பின்தங்கிய அணிக்கு! ஐந்து ஆட்டம் முடிகையில் முந்திய அணிக்குச் சொந்த அரங்கில் இரண்டு, எதிரணிக்கு மூன்று. 2-2-1-1-1இல் அது மூன்றுக்கு இரண்டு. எந்தக் கட்டத்திலும் முந்திய அணி குறைவாகப் பெறுவதில்லை.

1984, 1985 இறுதித் தொடர்கள் 2-3-2இல்தான் நடந்தன. 1984இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் ஊரில் முதல் இரண்டு ஆட்டத்தில் ஆளுக்கொரு வெற்றி. பிறகு எட்மண்டனில் ஆயிலர்ஸ் 7-2, 7-2, 5-2. அதுவரை நான்கு ஆண்டு தொடர்ந்து கோப்பை வென்ற ஐலண்டர்ஸுக்கு ஊர் திரும்பி ஆட வாய்ப்பே வரவில்லை. அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவுக்கும் அதே கதை: ஊரில் ஆளுக்கொரு வெற்றி, எட்மண்டனில் மூன்றும் போயிற்று. 1986இல் பழைய வரிசைக்கே திரும்பினார்கள். நட்சத்திர வீரர் கிரெட்ஸ்கியின் ஆயிலர்ஸ் எந்த வரிசையிலும் வென்றிருக்கலாம். இரண்டு தொடரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவும் 1985 முதல் 2013 வரை 2-3-2 வைத்திருந்து விட்டுவிட்டது. கூடைப்பந்தில் கடைசி மாற்றம் கிடையாது என்பதால், அந்த உதாரணத்தை இங்கே அரைக் கணக்காகத்தான் எடுத்துக்கொள்ளலாம்.